சுக்கு முன்னால், பவளம் பின்னால்

தென்காசி ஸ்டேஷனுக்கு எதிரே நான் காப்பிக் கடை வைத்திருந்த காலத்தில், கடை வாசலிலிருந்து பார்த்தால் குதிரை வண்டிகள் வரிசையாக நிற்பது தெரியும். ரயில் வந்து நின்றதும் வண்டிக்காரர்கள் எல்லாரும் குற்றாலம் போகிறவர்களைத் தேடி ஓடுவார்கள். ஒருவன் பெட்டியைப் பிடுங்குவான். இன்னொருவன் குழந்தையைத் தூக்கித் தன் வண்டியில் உட்கார வைத்துவிடுவான். பிள்ளை ஏறிவிட்டால் தாயும் தகப்பனும் வேறு வண்டிக்கா போவார்கள்? ஒரே ஒருவன் மட்டும் நின்ற இடத்தை விட்டு அசையமாட்டான். இஷ்டமிருந்தால் ஏறு என்கிற முகத்தோடு சக்கரத்தில் சாய்ந்து நிற்பான். அவன்தான் சுடலைக்கண்ணு.

அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம். ரயில் தாமதமாக வந்தால் ரயிலை வைவான், சீக்கிரம் வந்தால் அதற்கும் வைவான். வண்டியில் முன்பாரமாக உட்கார்ந்தாலும் குற்றம், பின்பாரமாக உட்கார்ந்தாலும் குற்றம். என் காப்பி நன்றாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. வேறு கடையில் குடித்ததுமில்லை. பிறந்தது மேலகரத்தில். சிறு வயதிலேயே தகப்பன் இறந்துபோக, செங்கோட்டையில் ஒரு வண்டிக்காரரிடம் புல் அறுத்துப் போட்டு வளர்ந்தவன். அங்கே சவலையாகப் பிறந்த பெட்டைக் குதிரைக் குட்டி ஒன்றை, இது தேறாது என்று எல்லாரும் கைவிட்ட பிறகு, கேட்டு வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். ஆட்டுப்பால் ஊற்றி அதை ஆளாக்கினான். செம்பட்டை நிறம் என்பதால் பவளம் என்று பெயர் வைத்தான். அது வண்டி இழுக்கப் பழகிய பிறகுதான் அவனுக்குக் கல்யாணமே நடந்தது. வந்து சேர்ந்த குழல்வாய்மொழி, தனக்கு மூத்தாள் ஒருத்தி கொட்டகையில் நிற்கிறாள் என்பதைப் பெண் பார்க்க வந்தபோது யாரும் சொல்லவில்லையே என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு தாராளமாக வரும். அவனோடு குடித்தனம் நடத்த அது வேண்டியிருந்தது.

பவளம் அருமையான குதிரை. சவுக்கு அதற்குத் தேவையில்லை, கடிவாளத்தை லேசாக ஆட்டினாலே புரிந்துகொள்ளும். ஒரே ஒரு குறை, அதற்குக் குரங்கைக் கண்டால் ஆகாது. குற்றாலத்துக்கு ஓடுகிற குதிரைக்குக் குரங்கு ஆகாது என்பது கோயில் யானைக்கு மணிச் சத்தம் ஆகாது என்கிற மாதிரி. மேலகரம் தாண்டித் தோப்புகள் வந்ததும் சாலையின் இரண்டு பக்கமும் அந்தச் சனியன்கள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கும். மற்றவர்கள் அவற்றை ஆஞ்சநேயர் என்று கும்பிட்டுக்கொள்ளட்டும். என் கடையில் அவை செய்திருக்கிற அட்டூழியத்துக்கு நான் கும்பிடத் தயாராக இல்லை. சுடலைக்கண்ணு பவளத்துக்குக் கண்பட்டை கட்டிப் பார்த்தான். பார்க்க முடியாமல் சத்தம் மட்டும் கேட்டதில் அது இன்னும் அரண்டுபோனது.

கடைசியில் இதற்கு வழி செய்தது ஒரு நாய். சுக்கு மாதிரி நிறம், சுக்கு மாதிரி காய்ந்த உடம்பு, முழங்கால் உயரம்கூட இல்லை. எங்கிருந்தோ வந்து வண்டிக்கடியில் படுத்தது. துரத்தினால் போகவில்லை. சுக்கு என்றே அதற்குப் பெயரும் ஆகிவிட்டது. ஒருநாள் தானாக வண்டிக்கு முன்னால் ஓட ஆரம்பித்து, தோப்பு வந்ததும் அது போட்ட கூச்சலில் குரங்குகள் அத்தனையும் மரத்தின் உச்சாணிக் கொம்புக்குப் போய்விட்டன. அன்று பவளம் காதை நிமிர்த்திக்கொண்டு நாய்க்குப் பின்னாலேயே அருவிவரை போனது. அதிலிருந்து அதுவே ஏற்பாடாகிவிட்டது. நாய் முன்னால், குதிரை பின்னால். போகும்போதும் அப்படித்தான், திரும்பும்போதும் அப்படித்தான். சுக்குக்குத் தெரிந்த சாலை அது ஒன்றுதான்.

முப்பத்து நாலாம் வருஷம், ஆனி மாதம், சாரல் அப்போதுதான் பிடித்திருந்தது. குற்றாலத்தில் இடமில்லாத அளவுக்குக் கூட்டம். பலாப்பழம் தின்றுகொண்டிருந்த கடுவன் குரங்கு ஒன்று, கிளை வழுக்கியோ கொழுப்பெடுத்தோ, மரத்திலிருந்து நேரே சுடலைக்கண்ணுவின் வண்டிக் கூண்டின்மேல் குதித்தது. தலைக்குமேல் திடுமென்று சத்தம் கேட்டதும் பவளம் பின்வாங்கியது. குரங்கைக் கவனித்த சுக்கு பின்னால் வந்த குளம்பைக் கவனிக்கவில்லை. அதன் வலது முன்னங்கால் முறிந்துவிட்டது.

வண்டியில் வந்தவர்களை அங்கேயே இறக்கிவிட்டு, நாயைத் தன் துண்டில் சுற்றிக்கொண்டு அவன் என் கடைக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது. நான் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டேன். அதற்கு ஒரு வசவு விழுந்தது.

"குதிரைக்காகத்தான் பாக்குதேன்" என்றான். "நாய்க்கு என்ன, ஊருல ஆயிரம் நாய் கெடக்கு."

அவன் சொன்னதில் நியாயமும் இருந்தது. மறுநாள் வேறொரு நாயைப் பிடித்து முன்னால் ஓடவிட்டுப் பார்த்தான். அது குரங்குகளைக் கண்டதும் பவளத்துக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொண்டது. பவளம் மேலகரத்து எல்லையில் நின்றது நின்றதுதான். சாரலில் சம்பாதித்தால்தான் வருஷம் முழுவதும் குதிரைக்குக் கொள்ளு போட முடியும். சாரல் காலத்தில் குற்றாலம் போகாத குதிரையை ஒரு வண்டிக்காரன் வைத்துக்கொள்ள முடியாது.

ஆய்க்குடியில் சொரிமுத்து என்று ஒருவர் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர். பெரிய கை. ஆனால் முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டுத்தான் கட்டைத் தொடுவார். புருஷனும் பெண்டாட்டியும் நாயைக் கொண்டுபோய் வைத்ததும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது. நாய்க்குக் கட்டின கை என்று பெயர் வந்துவிட்டால் பெரிய வீடுகளில் யார் கூப்பிடுவார்கள்? சுடலைக்கண்ணு எடுத்தெறிந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். குழல்வாய்மொழி அவன் காலை மிதித்துவிட்டு, நாயின் முகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். சொரிமுத்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"நான் பாக்கலை, தொடலை" என்றார். "என் பாட்டுக்குச் சுவத்தைப் பாத்துப் பேசிக்கிட்டிருக்கேன். கேக்குதவுக கேட்டுக்கிடுங்க."

அவர் சுவரைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, குழல்வாய்மொழி காலை நேராக இழுத்துப் பிடித்தாள், முட்டையின் வெள்ளைக் கருவில் உளுந்து மாவைக் குழைத்துத் துணியில் தடவிச் சுற்றினாள், மூங்கில் பத்தை வைத்துக் கட்டினாள். நாய் கத்தின கத்தலில் அவர் ஒருமுறை திரும்பிவிட்டார். உடனே சுவருக்குப் போய்விட்டார். சுடலைக்கண்ணு நாயின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் கையை அது இரண்டு இடத்தில் கடித்திருந்தது. அதற்காக அவன் அதை வைததாக அவள் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பார்த்தால் கட்டைக் காணோம். மூங்கில் பத்தைகள் மட்டும் சுத்தமாகக் கிடந்தன. சுக்கு வாயை நக்கிக்கொண்டு திருப்தியாகப் படுத்திருந்தது. முட்டையும் உளுந்தும் சேர்ந்த பண்டத்தை ஒரு நாயின் காலில் தடவி, அதன் வாய்க்கு எட்டுகிற தூரத்தில் வைத்தால் வேறு என்ன நடக்கும்? மனிதன் தன் கட்டைத் தின்பதில்லை, அதனால் சொரிமுத்துவுக்கு அது தோன்றவில்லை. இவர்களுக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்கும் என்று நான் கடையில் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்கும் தோன்றியிருக்காது.

இரண்டாவது கட்டையும் தின்றது. போதாததற்கு வாசனை பிடித்துக்கொண்டு தெரு நாய்களும் வாசலில் வந்து பந்திக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துவிட்டன. சுடலைக்கண்ணு கல்லை எடுத்துக்கொண்டு அவற்றைத் துரத்துவதே வேலையாக இருந்தான். குழல்வாய்மொழிதான் வழி கண்டுபிடித்தாள். பால்குடி மறக்கடிக்க ஊரில் எல்லாத் தாய்மாரும் செய்கிற காரியம்தான். மூன்றாவது கட்டுக்கு மேல் வேப்பெண்ணெயை வழிய வழியத் தடவிவிட்டாள். சுக்கு ஆசையாக ஒருமுறை நக்கியது. நக்கிவிட்டு அவளைப் பார்த்த பார்வையை அவள் ஒருவாரம் எல்லாரிடமும் நடித்துக் காட்டினாள். கட்டு நின்றது.

ஆனால் சாரல் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ஸ்டேஷனிலிருந்து ஏறுகிறவர்கள் மேலகரத்தில் இறங்கி, பெட்டி படுக்கையோடு வேறு வண்டி தேடவேண்டியிருந்தது. பிறகு அவன் வண்டியில் யாரும் ஏறுவதில்லை. அந்தச் சமயத்தில்தான் சுந்தரபாண்டியபுரம் ஆவுடைநாயகம் வந்தார். வயலும் தோப்பும் உள்ளவர். நல்ல மனிதர், பவளத்தின்மேல் வெகு நாளாகக் கண். தன் ஊருக்கும் ஆலங்குளத்துக்கும் போய்வர இப்படி ஒரு குதிரை வேண்டும், அந்தப் பக்கம் குரங்கே கிடையாது என்று பதமாகத்தான் பேசினார். சுடலைக்கண்ணுவுக்கு அன்று காலையிலிருந்து ஒரு சவாரி இல்லை. கோபம் தலைக்கேறியிருந்தது. ஆடி முடிவதற்குள் இந்த நாய் முன்னால் ஓடவில்லை என்றால் குதிரையையும் வண்டியையும் ஓட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லி, அவர் உள்ளங்கையில் ஓங்கி அடித்துவிட்டான்.

எங்கள் பக்கம் மாடோ குதிரையோ பேசிக் கையடித்தால் அப்புறம் மாற்றிப் பேச முடியாது. மாற்றினவனோடு ஒருவரும் பேச்சு வைத்துக்கொள்ளமாட்டார்கள். அவர் போன பிறகு அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டே என் கடையில் உட்கார்ந்திருந்தான். காப்பி ஆறிப்போனது. குழல்வாய்மொழி விஷயம் கேட்டு வந்து அவனைக் கடிந்துகொள்ளவில்லை. பவளத்தின் கழுத்தைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். மூத்தாள் என்று கேலி செய்தவள்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்காகச் சும்மா இருக்கிறவள் அல்ல அவள். நாய் ஓடாவிட்டால் நீங்கள் ஓடுங்கள் என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் குற்றாலம் கண்ட காட்சி இதுதான். வண்டியின் முன்பலகையில் குழல்வாய்மொழி கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் மடியில் கட்டுப் போட்ட சுக்கு. பவளத்துக்கு முன்னால் சுடலைக்கண்ணு கம்பைச் சுழற்றிக்கொண்டு ஓடுகிறான். அவன் குரைத்தான் என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். நான் நேரில் பார்த்தவன், அவன் குரைக்கவில்லை, வைதான். பிறந்தது முதல் சேர்த்து வைத்திருந்த வசவு அத்தனையையும் அந்தக் குரங்குகள்மேல் இறக்கினான். அந்த வாய்க்கு முதல் தடவையாக ஒரு பிரயோஜனம் கிடைத்தது. குரங்குகள் மரமேறின, பவளம் நடை போட்டு வந்தது. பெண்பிள்ளை ஓட்டுகிற வண்டி என்று வேடிக்கை பார்க்கவே ஆட்கள் ஏறினார்கள். ஆனாலும் ஒரு மனிதன் எத்தனை நாள் குதிரைக்கு முன்னால் ஓடுவான்? ஆடி பாதியில் அவனுக்கு மூச்சு இரைத்து, ராத்திரியெல்லாம் இருமினான். அப்படியே ஓடினாலும் கையடித்த பேச்சில் அவன் ஓடுவது சேராது. நாய்தான் ஓடவேண்டும்.

கட்டுப் பிரிக்கிற அன்று சொரிமுத்துவே ஆய்க்குடியிலிருந்து வந்துவிட்டார். இந்தத் தடவை முதுகைக் காட்டவில்லை. வாசல் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து, காலை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். எலும்பு சுத்தமாகக் கூடிவிட்டது என்றார். எல்லாருக்கும் உயிர் வந்தது. தரையில் விட்டார்கள். சுக்கு அந்தக் காலை மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு மூன்று காலில் நொண்டிப்போய்ப் படுத்துக்கொண்டது.

"நான் செய்யவேண்டியது முடிஞ்சுட்டு" என்றார் சொரிமுத்து. "இனி அதுவா ஊனுனாத்தான் உண்டு."

அது ஊன்றவில்லை. கருவாட்டுத் துண்டைத் தூரத்தில் வைத்தார்கள், மூன்று காலில் போய்த் தின்றது. நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டார்கள், சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது. சிற்றாற்றுக்குத் தூக்கிக்கொண்டுபோய் இடுப்பளவு தண்ணீரில் விட்டார்கள். தண்ணீரில் நாலு காலையும் அடித்து அழகாக நீந்தியது. கரையேறியதும் மறுபடி மூன்று கால். சுடலைக்கண்ணு தினமும் காலையிலும் மாலையிலும் அதனோடு தண்ணீரில் நின்றான். ஊன்றாமல் இருந்தால் கழுத்தை நெரித்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டே, அதன் வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பான். ஆடி முடிய இன்னும் எத்தனை நாள் என்று யாரும் அவனிடம் கேட்பதில்லை. என் கடையில் தொங்கிய காலண்டரை அவன் பார்க்காதபடி நான் உள்பக்கம் மாட்டிவிட்டேன்.

ஆடிக் கடைசி நாளும் வந்தது. மத்தியானம் போல ஆவுடைநாயகம் சலவை வேட்டியும் சரிகைத் துண்டுமாக வந்து இறங்கினார். அவருக்கும் முகம் சரியில்லை. பொழுது சாய்கிறவரை இருக்கலாம், ஆனால் ஊர் போய்ச் சேர இருட்டிவிடும் என்று தயங்கிக்கொண்டே சொன்னார். சுடலைக்கண்ணு பவளத்தைத் தானே வண்டியில் பூட்டினான். கடிவாளத்தை அவர் கையில் கொடுத்தான். கொடுத்துவிட்டு விறுவிறுவென்று என் கடைக்குள் வந்து, சாலைக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். அவன் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அதனால் நடந்ததைப் பார்த்தது நானும் குழல்வாய்மொழியும்தான். அவள் சுக்கைத் தூக்கி வைத்துக்கொண்டு கடை வாசலில் நின்றாள். ஆவுடைநாயகம் வண்டியில் ஏறி உட்கார்ந்து கடிவாளத்தைக் கிழக்கே திருப்பினார். சக்கரம் அசைந்தது. அவ்வளவுதான், அவள் கையிலிருந்து நாய் துள்ளி விழுந்தது. வண்டி கிளம்பிவிட்டது, தான் இன்னும் முன்னால் போகவில்லை. அதற்குத் தெரிந்தது அது மட்டும்தான். ஒரே ஓட்டமாக ஓடி, பவளத்தின் வயிற்றுக்கடியில் நுழைந்து முன்னால் போய், தனக்குத் தெரிந்த ஒரே சாலையில், குற்றாலத்துச் சாலையில், மேற்கே பார்த்துப் பறந்தது. நான் கால்களை எண்ணிப் பார்த்தேன். நாலும் தரையில் பட்டன.

பவளம் காதை நிமிர்த்தியது. அப்படியே அரைவட்டம் அடித்து நாய்க்குப் பின்னால் பாய்ந்தது. ஆவுடைநாயகம் கடிவாளத்தைப் பிடித்து இழுக்கிறார், எழுந்து நின்று இழுக்கிறார், சரிகைத் துண்டு காற்றில் போகிறது, வண்டி மேலகரத்துப் பக்கம் திரும்பி மறைந்துவிட்டது.

நான் உள்ளே போய், நாய் ஓடுகிறது என்று அவனிடம் சொன்னேன். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து என்னை வைதான். குழல்வாய்மொழி வந்து சொன்ன பிறகுதான் எழுந்தான். அதற்குள் கடையில் இருந்தவர்கள் இரண்டு கட்சி ஆகிவிட்டார்கள். கடிவாளம் கைமாறிய பிறகு நாய் ஓடியது கணக்கில் வராது என்று ஒரு கட்சி. ஆடி இன்னும் முடியவில்லை, ஆகவே கணக்குத்தான் என்று இன்னொரு கட்சி. சுடலைக்கண்ணு இரண்டையும் கேட்கவில்லை. தூறலில் நடுச்சாலையில் போய் நின்றவன் மேற்கே பார்த்துக்கொண்டே நின்றான்.

பொழுது சாய்கிற நேரத்தில் குதிரையின் சலங்கைச் சத்தம் கேட்டது. முதலில் சுக்கு வந்தது. அப்புறம் பவளம். வண்டியில் ஆவுடைநாயகம் ஈர வேட்டியோடு, தலையில் எண்ணெய் மினுங்க, பத்து வயது குறைந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"ஏலே சுடலைக்கண்ணு, நான் கிழக்க இழுக்குதேன், இதுக ரெண்டும் மேற்க போவுது" என்றார். "அருவிவரைக்கும் போயிட்டுக் குளிக்காம வரமுடியுமா? குளிச்சுட்டு வாரேன். என் வயலுக்குத் தினமும் குற்றாலம் சுத்தித்தான் போவணும்னா நம்மால ஆவாதுப்பா. நாய் ஓடிட்டு. பேச்சு பேச்சுதான், உன் குதிரையப் பிடி."

கடிவாளத்தை நீட்டினார். வாங்குவதற்கு அங்கே ஆள் இல்லை. சுடலைக்கண்ணு சகதியில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தான். நாயின் வலது முன்னங்காலை இரண்டு கையிலும் எடுத்து வைத்துக்கொண்டு, முட்டியிலிருந்து பாதம்வரை விரலால் மெல்ல அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வலிக்கா?" என்று அதனிடம் கேட்டான்.

அத்தனை வருஷத்தில் அவன் இன்னொரு உயிரிடம் இப்படி ஒரு வார்த்தை கேட்டு நான் கேட்டதில்லை. குழல்வாய்மொழிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. குதிரை வந்து நிற்கிறது, முதலில் அதைப் பாருங்கள் என்றாள்.

"அது எங்கன போயிரும்?" என்றான் அவன், நிமிர்ந்து பார்க்காமல். "நீ போயி எண்ணெயக் காச்சுளா. கால் சுடுது."